துரையப்பா: கொழும்போடு கைகுலுக்கிய யாழ். மேயர்

துரையப்பா என்ற பெயர் எனக்கு முதலில் ஒரு மைதானமாகத்தான் அறிமுகமானது. உதைபந்தாட்டம் பார்க்கப் போனாலும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் போனாலும் துரையப்பாவுக்குப் போகிறோம் என்றுதான் சொல்வோம். அது ஒரு மனிதருடைய பெயர், அவர் இந்த நகரத்தின் மேயராக இருந்தவர், சுட்டுக் கொல்லப்பட்டவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தவை. நான் பிறப்பதற்கு முன்பே அந்தக் கொலை நடந்து முடிந்திருந்தது. என் தலைமுறைக்கு அவரைப் பற்றி வந்து சேர்ந்தது துரோகி என்ற ஒரே ஒரு சொல். வயதானவர்கள் சிலர் மட்டும், ஊருக்கு வேலை செய்த மனுசன் என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்.

அல்பிரட் துரையப்பா 1926 ஜூன் 15ஆம் திகதி பிறந்தவர். தொழிலால் சட்டத்தரணி. 1949இல் மாநகரமாகத் தரமுயர்ந்த யாழ்ப்பாணத்தின் சபை அரசியலில் வளர்ந்தவர். யாழ். பொதுநூலகத்தின் முதற்பகுதி 1959இல் திறக்கப்பட்டபோது அதைத் திறந்துவைத்த மேயர் அவர்தான். தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரஸும் மோதிக்கொண்டிருந்த காலத்தில் இரண்டிலும் சேராமல், 1960 மார்ச்சில் சுயேச்சையாக நின்று ஜீ.ஜீ. பொன்னம்பலத்தைத் தோற்கடித்தார். அதே ஆண்டு ஜூலையிலும் வென்றார். வீதி, குழாய்த் தண்ணீர், வேலை என்று வரும் ஏழைகளுக்கு அவருடைய வீட்டுக் கதவு திறந்திருந்தது என்பதை அவரை வெறுத்தவர்கள்கூட மறுப்பதில்லை. 1965இல் பொன்னம்பலத்திடம் தோற்றார். 1970இல் தமிழரசுக் கட்சியின் சி.எக்ஸ். மார்ட்டினிடம் வெறும் 56 வாக்குகளால் தோற்றார். அந்தத் தேர்தலில் பொன்னம்பலம் மூன்றாம் இடத்துக்குப் போனார்.

அதே 1970இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. துரையப்பா சுதந்திரக் கட்சியின் யாழ்ப்பாண அமைப்பாளரானார், மீண்டும் மேயருமானார். கொழும்பில் ஒரு காரியம் ஆகவேண்டுமென்றால் அவரிடம் போகவேண்டும் என்ற நிலை வந்தது. அவருடைய கணக்கு விளங்காத ஒன்றல்ல. நிதி கொழும்பில் இருக்கிறது, நியமனமும் அங்கேதான், ஆகவே யாராவது அங்கே பேசத்தான் வேண்டும். அந்த அரசு வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் குடாநாட்டு விவசாயி நல்ல விலை கண்டான் என்பதும் உண்மை.

ஆனால் அதே அரசுதான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. 1972 மே 22இல் நிறைவேறிய குடியரசு யாப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது, சிறுபான்மையினருக்குப் பழைய யாப்பிலிருந்த 29ஆம் பிரிவின் காப்பை எடுத்துவிட்டது. எதிர்த்த இளைஞர்கள் அவசரகாலச் சட்டத்தின் கீழ் விசாரணையில்லாமல் அடைக்கப்பட்டார்கள். பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்ட பெடியனுக்கு வெங்காய விலை என்ன ஆறுதல்? அமைச்சர்களை மாலை போட்டு வரவேற்ற மேயர் அந்தப் பெடியனின் கண்ணில் அரசின் முகமாகவே தெரிந்தார். தமிழ்த் தேசிய மேடைகள் அவரைத் துரோகி என்றன. 1971இலேயே அவருடைய காரில் குண்டு வைக்கப்பட்டது. அவர் தப்பினார்.

1974 ஜனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் கூடியது. அதைக் கொழும்பில் நடத்தவே அரசு விரும்பியது. யாழ்ப்பாணத்தில் மாநகர சபையின் திறந்தவெளி அரங்கு கிடைக்காமல் போனதற்கு மேயரே காரணம் என்று சனம் நம்பியது. ஜனவரி 10ஆம் திகதி வீரசிங்கம் மண்டபத்தின் முன் திரண்டிருந்த கூட்டத்துக்குள் பொலிஸார் புகுந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் மின்கம்பி அறுந்து விழுந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதிகளும் பேராயர் ஒருவரும் இருந்த குடிமக்கள் விசாரணைக் குழு பொலிஸாரையே குற்றஞ்சாட்டியது. கண்ணீர்ப்புகை வீசியதும் சுட்டதும் மேயரல்ல. ஆனாலும் அந்த இரவுக்குப் பிறகு இந்த நகரத்தில் அவருக்கு நடுவில் நிற்க இடமிருக்கவில்லை. அப்போதாவது அவர் அரசிலிருந்து விலகி நின்றிருக்கலாம். விலகவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ். பல்கலைக்கழக வளாகத்தைத் திறக்க ஸ்ரீமாவோ வந்தபோதும் அவர் அரசின் பக்கத்திலேயே நின்றார். அந்த வளாகம் இன்றுவரை எங்கள் பிள்ளைகளைப் படிப்பிக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

அவர் கிறிஸ்தவர். ஆனாலும் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்க் கும்பிடுவது அவருடைய வழக்கம். 1975 ஜூலை 27ஆம் திகதி அந்தக் கோயிலடியில் காத்திருந்தவர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 49. கொன்றவர்களுக்குத் தலைமை தாங்கிய வேலுப்பிள்ளை பிரபாகரனுக்கு 21 வயதுகூட நிரம்பவில்லை. 1978இல் விடுதலைப் புலிகள் வெளியிட்ட உரிமைகோரலில் இந்தக் கொலையும் இருந்தது.

அந்த அரசை நம்பியது துரையப்பாவின் பிழை என்று நான் நினைக்கிறேன். வீதியையும் சந்தையையும் வாங்கிக்கொண்டு உரிமையைப் பற்றிப் பேசாமலிருந்தால் காலம் சரியாக்கும் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். சரியாகவில்லை. அவர் திறந்துவைத்த நூலகமே 1981இல், வேறொரு கட்சியின் ஆட்சியில், அரசின் பொலிஸார் நகரத்தில் நின்றிருக்க, எரிந்து போனது. ஆனால் அந்தப் பிழைக்குத் தீர்ப்பு எழுத வாக்குச்சீட்டு இருந்தது. 56 வாக்குகளால் அவரைத் தோற்கடித்த அதே சனம் அடுத்த முறையும் தோற்கடித்திருக்கும். துவக்கு அந்த வேலையைச் சனத்திடமிருந்து பறித்துக்கொண்டது. பிறகு அது நிற்கவில்லை. 1998 மே மாதம் மேயர் சரோஜினி யோகேஸ்வரன் வீட்டில் வைத்துச் சுடப்பட்டார். அடுத்து வந்த பொன். சிவபாலன் அதே செப்டெம்பரில், இராணுவ அதிகாரிகளும் இருந்த கூட்டமொன்றில் குண்டு வெடித்து இறந்தார். ஒரே நகரத்தில் மூன்று மேயர்கள்.

மைதானமும் சும்மா இருக்கவில்லை. 1999இல் புனரமைப்பு வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. 2016 ஜூன் 18இல் இந்திய நிதியில் புதுப்பிக்கப்பட்ட அதே மைதானத்தை ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நேரிலும், பிரதமர் மோடி டில்லியிலிருந்து காணொளி வழியாகவும் திறந்துவைத்தார்கள். 2021 டிசம்பரில் சீனத் தூதுவர் வேட்டி கட்டி நல்லூருக்கு வந்தார். ஜெனீவாவில் இலங்கை மீதான தீர்மானங்களை எதிர்த்து வாக்களிக்கும் நாடு அவருடையது.

நிதியோடு வரும் கையைப் பிடிப்பதா விடுவதா என்ற கேள்வி இப்போதும் மாநகர சபையின் வாசலில்தான் நிற்கிறது. பிடிப்பவர் உரிமைக் கேள்வியையும் அதே மேசையில் வைக்கவேண்டும். வைக்காவிட்டால் அவரைக் கதிரையிலிருந்து இறக்க எங்களிடம் வாக்கு இருக்கிறது. துரையப்பாவின் பெயரைத் துரோகி என்ற ஒரு சொல்லோடு முடித்துவிட்டால் இந்த இரண்டையும் மறந்துவிடுவோம்.