இரகசிய எழுத்தின் பூட்டைத் திறந்த மேதை அல் கிந்தீ

அரபுகளின் தத்துவ ஞானி என்று உலகம் போற்றும் அபூ யூசுஃப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல் கிந்தீ அவர்கள், கி.பி. 801 வாக்கில் கூஃபா நகரில் பிறந்தார்கள். அன்னாரின் தந்தை அந்நகரின் ஆளுநராக இருந்தவர். பக்தாதில் கல்வி பயின்று, கலீஃபா மஃமூன், முஃதஸிம் ஆகியோரின் ஆதரவைப் பெற்றார்கள். முஃதஸிமின் மகன் அஹ்மதுக்கு ஆசானாகவும் விளங்கினார்கள்.

தத்துவம், மருத்துவம், கணிதம், இசை எனப் பல துறைகளில் நூல்கள் இயற்றிய அன்னாரின் ஒரு சிறு நூலைப் பற்றியே இங்கு நாம் சொல்ல வந்தோம். அது இரகசிய எழுத்தை விடுவிக்கும் கலை பற்றியது.

ஓர் எழுத்துக்குப் பதிலாக வேறோர் எழுத்தையோ குறியையோ மாற்றி எழுதிவிட்டால், மாற்றுமுறை தெரிந்தவரைத் தவிர மற்றவருக்கு அக்கடிதம் விளங்காது. அரபியில் எழுத்துகள் 28. ஒவ்வொரு மாற்றுமுறையாகச் சோதித்துப் பார்க்க ஆயுள் போதாது. அல் கிந்தீ அவர்களோ எண்ணிப் பார்த்தார்கள்! சாதாரண அரபி வாசகம் ஒன்றை எடுத்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று கணக்கிட்டார்கள். அலிஃப் 600 முறையும் லாம் 437 முறையும் வந்தன. இனி மறைமொழிக் கடிதத்தில் மிக அதிகமாக வரும் குறி அலிஃபாகவும், அதற்கடுத்தது லாமாகவும் இருக்கலாமல்லவா? இவ்வாறே வரிசையாகப் பொருத்திக்கொண்டு போனால், சொற்கள் தாமே வெளிப்படும். ஆனால், கடிதம் போதிய நீளமுடையதாக இருக்க வேண்டும். சிறு கடிதத்தில் இக்கணக்கு பொய்த்துவிடும் என்பதையும் அன்னார் உணர்ந்திருந்தார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். திருக்குர்ஆனில் மிகுதியாக வரும் எழுத்துகளும் அலிஃபும் லாமுமே.

இத்தகைய மேதைக்கும் பொறாமையின் வடு தப்பவில்லை. முதவக்கில் ஆட்சியில், பனூ மூஸா சகோதரர்களின் சூழ்ச்சியால் அன்னார் அடிக்கப்பட்டார்கள், நூலகமும் பறிக்கப்பட்டது. பின்னர், கால்வாய் வேலையொன்றில் தவறு நேர்ந்து அச்சகோதரர்கள் கலங்கி நின்றபோது, ஸனத் இப்னு அலீ என்னும் அறிஞர், முதலில் அல் கிந்தீயின் நூல்களைத் திருப்பிக் கொடுங்கள், பிறகே உதவுவேன் என்று உறுதியாக நின்றார். இத்தனைக்கும் அவர் அல் கிந்தீயின் நண்பரல்லர். நூல்கள் உரியவரிடம் திரும்பின.

அன்னார் கி.பி. 873 வாக்கில் பக்தாதில் மறைந்தார்கள். மறைமொழி நூலின் கையெழுத்துப் பிரதி இஸ்தான்புல் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1987-ல் திமிஷ்கில் அச்சேறியது.

அறிவு அமானிதம். அதைப் பறிப்பது பாவம். தனக்கு வேண்டாதவருடையதாயினும் அதை மீட்டுக் கொடுப்பது நீதி. அந்த நீதியை அல்லாஹ் நமக்கும் தந்தருள்வானாக!