வெந்நீரில் கரி கண்டவர்

மரமும் செடியும் மண்ணுள் புதைந்து நெடுங்காலம் கழித்து நிலக்கரியாகின்றன என்று பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகிறோம். அதனை ஆய்வுக்கூடத்தில் சில மணி நேரத்தில் செய்து பார்க்க முனைந்தவர் பிரீட்ரிக் பெர்கியஸ் என்னும் ஜெர்மானிய வேதியியல் அறிஞர். நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுத்தவர் என்றே நூல்கள் அவரை அறிமுகப்படுத்தும். அது உண்மையே. ஆயினும் அந்தப் பெட்ரோலுக்கு வழி பிறந்தது வெந்நீர் நிரம்பிய ஓர் இரும்புக் கலத்தில் என்பதைப் பலரும் சொல்வதில்லை.

1884-ஆம் ஆண்டு பிரெஸ்லௌ நகருக்கு அருகே அவர் பிறந்தார். அந்நகர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் வேதிப்பொருள் தொழிற்சாலை நடத்தியவர். 1907-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற பெர்கியஸ், பிறகு பெர்லினில் நெர்ன்ஸ்டிடமும் கார்ல்ஸ்ரூவில் ஹாபரிடமும் பணியாற்றினார். நைட்ரஜனை உயர் அழுத்தத்தில் அம்மோனியாவாக்க ஹாபர் முயன்றுகொண்டிருந்த காலம் அது. அழுத்தம் என்னும் கருவியின் ஆற்றலை அங்கேதான் பெர்கியஸ் நேரில் கண்டார். 1910-இல் ஹானோவர் நகரில் தமக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார்.

செல்லுலோசை உலர்ந்த நிலையில் சூடாக்கினால் ஒரு தொல்லை உண்டு. சிதையும்போது அதுவே வெப்பத்தை வெளியிடும். உள்ளே ஓரிடத்தில் வெப்பநிலை திடீரென ஏறி, பொருள் கண்டபடி சிதைந்து தாரும் வாயுவுமாகப் போய்விடும். பெர்கியஸ் அதை நீரில் இட்டுச் சூடாக்கினார். எழும் வெப்பத்தை நீர் வாங்கிக்கொண்டது. கலம் முழுவதும் ஒரே வெப்பநிலை நின்றது. எளிய யோசனைதான், ஆனால் எளிய வேலையன்று. 340° சென்டிகிரேடில் நீரைத் திரவமாகவே வைத்திருக்க 140 வளிமண்டலத்திற்கும் மேற்பட்ட அழுத்தம் வேண்டும். நம் வீட்டுக் குக்கர் ஏறக்குறைய 120° வெப்பத்தையும் இரண்டு வளிமண்டல அழுத்தத்தையும் தாங்குகிறது. அதற்கே நாம் அஞ்சி எட்டி நிற்கிறோம்!

சில மணி நேரத்தில் கரியமில வாயு பிரிந்துபோக, கலத்தில் எஞ்சியது நிலக்கரியை ஒத்த கரும்பொடி. இவ்வாய்வுகளை 1913-இல் நூலாக வெளியிட்டார்.

அவ்வளவு சூட்டில் நீர் நாம் அறிந்த நீராக இருப்பதில்லை. 300° அளவில் அதன் மின்காப்பு மாறிலி, அறை வெப்பநிலையில் உள்ள அசிட்டோனின் அளவிற்குத் தாழ்ந்துவிடுகிறது. எண்ணெயோடு சேராத நீர், கரிமப் பொருள்களைக் கரைக்கத் தொடங்குகிறது. நீரை வெறும் கரைப்பான் என்று எழுதிவிட்டு நகரும் பாடநூல்கள் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கலாம்.

கரியையும் திரவ நீரையும் உயர் அழுத்தத்தில் வினைபுரியச் செய்து, கார்பன் மோனாக்சைடு கலவாத ஹைட்ரஜன் பெறவும் அவர் முயன்றார். கரியின் தன்மை, அழுத்தக் கலங்கள், ஹைட்ரஜன் ஆகிய மூன்றும் கைவந்த பின், அடுத்த படி தானே வந்தது. கரியோடு ஹைட்ரஜனை அழுத்திச் சூடாக்கியபோது எண்ணெய் கிடைத்தது. 1913-இல் அதற்குக் காப்புரிமை கோரினார்.

ஆய்வுக்கூடத்தில் வென்றது ஆலையில் எளிதில் வெல்லவில்லை. மான்ஹைம் நகருக்கு அருகே ரைனாவில் ஆலை அமைத்துப் பல ஆண்டுகள் போராடினார். பணம் கரைந்தது. 1925-இல் காப்புரிமைகளை பாஸ்ஃப் நிறுவனத்திற்கு விற்றார். 1927-இல் லாய்னா ஆலையில் பெட்ரோல் உற்பத்தி தொடங்கிற்று. 1931-இல் கார்ல் போஷுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பின்னர் அந்த முறையில் கிடைத்த பெட்ரோலே இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்களைப் பறக்கவிட்டது. 1944-இல் நேச நாடுகள் அந்த ஆலைகளைத் தேடித்தேடிக் குண்டு வீசின. பெர்கியசோ மரத்திலிருந்து சர்க்கரையும் மாட்டுத் தீவனமும் எடுக்கும் முயற்சியில் தம் பிற்காலத்தைச் செலவிட்டார். போருக்குப் பின் தாயகம் நீங்கி, 1949 மார்ச் 30 அன்று அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸ் நகரில் காலமானார்.

கிணற்று எண்ணெய் மலிவாகக் கிடைக்கவே, அவர் முறையில் பெட்ரோல் செய்வது பெரும்பாலும் கைவிடப்பட்டது. பழைய வெந்நீர்ச் சோதனையை மட்டும் 2000-க்குப் பிறகு ஆய்வாளர் மீண்டும் கையிலெடுத்தனர். சாக்கடைச் சேறு, காய்கறிக் கழிவு போன்ற ஈரப் பொருள்களை உலர்த்தாமலே கரியாக்க அது உதவுகிறது. 200° அளவே அதற்குப் போதும்.