கல் சுமந்த ஆடுகளும் கார்சியா த ஓர்த்தாவும்

குறிகட்டுவான் துறையில் படகேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவை அடையலாம். அங்கு செல்வோரின் கண்ணில் முதலில் படுபவை பவளக்கல் அடுக்கிய வேலிகளும், வெளிகளில் கூட்டமாக மேயும் குதிரைகளுமே. அவை போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற குதிரைகளின் வழித்தோன்றல்கள். ஆனால் குதிரைகளால் பெயர் பெறுவதற்கு முன்பே இத்தீவு வேறொரு விலங்கினால் ஐரோப்பிய மருத்துவ நூலொன்றில் இடம்பிடித்துவிட்டது. அவ்விலங்கு ஆடு. அதைப் பற்றி எழுதியவர் கார்சியா த ஓர்த்தா என்னும் வைத்தியர்.

ஓர்த்தா 1501ஆம் ஆண்டளவில் போர்த்துக்கலின் எல்லைப்புற ஊரொன்றில் பிறந்தார். அவருடைய பெற்றோர் 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள். அடைக்கலம் தேடி வந்த நாட்டிலும் அவர்களுக்கு நிம்மதி கிட்டவில்லை. 1497இல் யூதர் அனைவரும் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டனர். வெளியே ஒரு பெயர், வீட்டுக்குள்ளே இன்னொரு நினைவு என்ற இரட்டை வாழ்வில்தான் அந்தப் பிள்ளை வளர்ந்தது.

சலமன்கா, அல்கலா ஆகிய பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்ற ஓர்த்தா, பின்னர் லிஸ்பனில் விரிவுரையாளரானார். ஆயினும், மதம் மாறியோரைக் கண்காணிக்கும் சமய விசாரணை மன்றம் போர்த்துக்கலிலும் தொடங்கப்படும் என்ற அச்சம் நாளுக்கு நாள் வளர்ந்தது. 1534 மார்ச்சில் கப்பற்படைத் தலைவர் மார்ட்டிம் அபொன்சோ த சூசாவின் வைத்தியராக அவர் கப்பலேறினார். அவ்வாண்டு செப்டெம்பரில் கோவாவை அடைந்தவர் அதன்பின் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

கோவாவில் அவர் வைத்தியம் பார்த்தார். மருந்துச் சரக்கு வணிகமும் செய்தார். படைத்தலைவருடன் மேற்கொண்ட பயணங்களில் இலங்கையையும் கண்டார். அகமதுநகர் சுல்தான் புர்ஹான் நிசாம் ஷாவின் அரண்மனைக்குச் சென்று சிகிச்சை செய்தார். இப்னு சீனாவின் நூல்களைக் கரைத்துக் குடித்த ஹக்கீம்களோடு அங்கே அமர்ந்து உரையாடினார். ஒவ்வொரு மூலிகைக்கும் அரபு, பாரசீக, இந்தியப் பெயர்களைக் கேட்டறிந்தார். அவருடைய வீட்டில் அந்தோனியா என்ற அடிமைப் பெண் இருந்தாள். வேண்டிய செடிகளைத் தேடிக் கொணர்ந்தவள் அவளே. அவருடைய நூலில் அவள் பெயரும் வருகிறது. அடிமையாய் வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயர் நானூற்று அறுபது ஆண்டுகளைக் கடந்து நம்மிடம் வந்து சேர்வது சிறிய செய்தியன்று.

அந்த நூல் 1563 ஏப்ரலில் கோவாவில் அச்சானது. இந்தியாவின் மூலிகைகளையும் மருந்துப் பொருள்களையும் பற்றிய உரையாடல்கள் அதில் அடங்கியுள்ளன. ருவானோ என்ற கற்பனை வைத்தியர் ஐரோப்பாவிலிருந்து வந்து கேள்வி கேட்க, ஓர்த்தா பதில் சொல்லுவார். வந்தவர் பழைய கிரேக்க நூல்களை நம்புபவர். ஓர்த்தாவோ கண்ணால் கண்டதை நம்புபவர். ஸ்பெயினில் இருந்திருந்தால் கிரேக்க ஆசான்களை மறுத்துப் பேசத் தமக்குத் துணிவு வந்திராது என்பதை அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். கறுவாவைப் பற்றி ஐரோப்பாவில் உலவிய கட்டுக்கதைகளை விலக்கி, மிகச் சிறந்த கறுவா இலங்கையில்தான் விளைகிறது என்று எழுதியவரும் அவரே.

நெடுந்தீவை அக்காலப் போர்த்துக்கேயர் பசுக்களின் தீவு என்று பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். த சூசா ஆளுநராக இருந்த நாள்களில், 1543இல், போர்த்துக்கேயக் கப்பற்படை யாழ்ப்பாணக் கடலுக்கு வந்தது. சங்கிலி மன்னன் திறை செலுத்த உடன்பட வேண்டியதாயிற்று. த சூசாவின் காலத்தில் கப்பல்கள் உணவு தேடிப் பசுக்களின் தீவில் நின்ற செய்தியை ஓர்த்தா பதிந்திருக்கிறார். மாலுமிகள் கரையிறங்கி அங்கு மேய்ந்த ஆடுகளைப் பிடித்து அறுத்தனர். பெரிய ஆடுகளின் வயிற்றில் வழவழப்பான கற்கள் இருந்தன.

அந்தக் கல் அக்காலத்தில் பெருமதிப்புப் பெற்றிருந்தது. பாரசீகத்தில் நஞ்சுமுறி என்று பொருள்படும் பாத்ஸஹ்ர் என்ற சொல்லே ஐரோப்பிய மொழிகளில் பெசோவார் எனத் திரிந்தது. அரசர்கள் பொன்னால் கூடு செய்து அதனுள் இந்தக் கல்லை வைத்துக் காத்தனர். மாட்டிலிருந்து கிடைக்கும் கோரோசனைக்கு நம் வீடுகளில் இருக்கும் மதிப்பை எண்ணினால் இந்த ஆசை நமக்கும் விளங்கும்.

ஓர்த்தா இங்கும் ஆராய்ந்தே எழுதினார். கல்லின் நடுவே மெல்லிய துரும்பு ஒன்று இருப்பதையும், அதைச் சுற்றி வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காகக் கல் வளர்ந்திருப்பதையும் விவரித்தார். இக்கால அறிவியல் சொல்வதும் ஏறக்குறைய அதுவே. செரிக்காத நாரையோ மயிரையோ சுற்றி உப்புகள் படிந்து உண்டாவதுதான் அக்கல்.

ஆனால் அது நஞ்சை முறிக்கும் என்ற நம்பிக்கையை மட்டும் அவர் விடவில்லை. அதே காலத்தில் பிரான்சில் அம்புருவாஸ் பாரே என்ற சத்திரசிகிச்சையாளர் அதைச் சோதிக்க நேர்ந்தது. மரணதண்டனை பெற்ற சமையற்காரன் ஒருவனுக்கு நஞ்சும் கூடவே இந்தக் கல்லும் கொடுக்கப்பட்டன. அவன் துடிதுடித்து இறந்தான். கண்டு உணர்ந்த பகுதியில் ஓர்த்தா சரியாக இருந்தார். கேட்டு நம்பிய பகுதியில் தவறினார். அறிவாளிகளுக்கும் இது நேர்வதுண்டு.

அவர் அஞ்சி ஓடிவந்த சமய விசாரணை மன்றம் 1560இல் கோவாவுக்கும் வந்து சேர்ந்தது. ஓர்த்தா 1568இல் காலமானார். மறு ஆண்டே அவருடைய சகோதரி கத்தரினா, இரகசியமாக யூத மதத்தைப் பேணினார் என்று உயிரோடு எரிக்கப்பட்டார். அம்மன்றத்தின் கோபம் அத்துடன் அடங்கவில்லை. 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளையும் கல்லறையிலிருந்து தோண்டியெடுத்து எரித்தனர். முப்பத்து நான்கு ஆண்டுகள் தாம் மருந்து கொடுத்த நகரத்தில் அவருக்கு ஆறடி மண்ணும் நிலைக்கவில்லை.

நூல் மட்டும் தப்பியது. ஓர்த்தா உயிரோடிருந்த போதே, 1567இல், குளூசியஸ் என்ற தாவரவியலாளர் அதைச் சுருக்கி இலத்தீனில் வெளியிட்டிருந்தார். அதன் வழியாக ஐரோப்பிய மாணவர்கள் பல தலைமுறைகளாக நம் நாட்டுச் செடிகொடிகளைக் கற்றனர். கோவாவின் பனாஜி நகரில் இன்று அவர் பெயரால் ஒரு பூங்கா இருக்கிறது.

மாணவச் சகோதரிகளே, கப்பலில் வந்த பலர் அந்தத் தீவின் ஆடுகளை உணவாக மட்டுமே கண்டனர். ஒருவர் அவற்றின் வயிற்றுக் கல்லைக் கூட உற்றுநோக்கி, நடுவிலிருந்த துரும்புவரை எழுதிவைத்தார். அடுத்த முறை பெற்றோருடன் நெடுந்தீவுக்குச் செல்லும்போது குதிரைகளைப் படம் பிடிப்பதோடு நின்றுவிடாதீர்கள். வரட்சியான அந்த வெளியில் அவை எதைத் தின்கின்றன, எங்கே நீர் குடிக்கின்றன என்று சற்று நின்று பாருங்கள். பார்த்ததை அன்றிரவே குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.