ஈரலுக்குள் புகுந்த எதிரி

ஜப்பான் நாட்டில் இனவாஷிரோ ஏரிக்கு அருகே ஒரு கிராமம். அங்கே ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில், 1876-ம் ஆண்டு ஹிதேயோ நொகுச்சி பிறந்தார்.

ஒன்றரை வயதில், கணப்பு அடுப்பில் விழுந்துவிட்டார். இடது கை வெந்து, விரல்கள் ஒட்டிக்கொண்டன. இந்தப் பிள்ளை மண்வெட்டி பிடிக்க முடியாது. படிக்கவாவது வைப்போம் என்று தாய் ஷிகா முடிவு செய்தாள். சுமை சுமந்து, கூலி வாங்கிப் படிக்க வைத்தாள்.

ஆசிரியர்களும் உடன் படித்த பிள்ளைகளும் பணம் சேர்த்தார்கள். ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்து விரல்களைப் பிரித்தார். தானும் டாக்டராக வேண்டும் என்ற ஆசை நொகுச்சிக்கு அப்போதுதான் பிறந்தது.

தாயின் கடிதம்

1900-ல் கப்பலேறி அமெரிக்கா போனார். பிறகு நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. இரவு பகலாக மைக்ராஸ்கோப்பே கதி! உலகப் புகழ் வந்தது.

தாய்க்கோ மகனைக் காண ஏக்கம். சிறு வயதில் அரைகுறையாகக் கற்ற எழுத்துக்களை மறுபடி பழகினாள். 1912-ல் தன் கையாலேயே மகனுக்குக் கடிதம் எழுதினாள். பிழைகள் மலிந்த கடிதம்தான். ஆனாலும் 1915-ல் மகன் வந்தார்! சில வாரங்கள் தாயோடு இருந்துவிட்டுத் திரும்பினார். அதுவே கடைசிச் சந்திப்பு. 1918-ல் ஷிகா இறந்தாள்.

மஞ்சள் காய்ச்சல்

அதே ஆண்டு, மஞ்சள் காய்ச்சலை ஆராய நொகுச்சி ஈக்வடார் நாட்டுக்குப் போனார். கண் மஞ்சளாகி, கறுப்பாக வாந்தி எடுத்து ஆளைக் கொல்லும் நோய் அது. அங்கே நோயாளிகளிடம் சுருள் வடிவக் கிருமி ஒன்றைக் கண்டார். அதுதான் காரணம் என்று அறிவித்தார். தடுப்பு மருந்தும் செய்தார்.

அது தவறு. அவர் கண்டது எலிக்காய்ச்சல் வகைக் கிருமி. அதிலும் காமாலை வரும், எனவே ஏமாந்துவிட்டார். உண்மையான எதிரி, அவருடைய மைக்ராஸ்கோப்புக்கு அகப்படாத ஒரு வைரஸ்.

கொசு கடிக்கும்போது அது உடம்பில் இறங்குகிறது. ரத்தத்தோடு ஈரலுக்குப் போகிறது. ஈரல், செல் எனப்படும் கோடிக்கணக்கான சிறு அறைகளால் ஆனது. செல்லின் வெளிப்புறத்தில், வேண்டிய சத்துக்களைப் பிடித்து இழுக்கக் கொக்கி போன்ற உறுப்புகள் உண்டு. வைரஸ் அப்படிப்பட்ட கொக்கியில் தொற்றிக்கொள்கிறது. செல் ஏமாந்து, அதை ஒரு பைக்குள் வைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. பைக்குள் புளிப்பு ஏறியதும் வைரஸின் மேலுறை பையோடு ஒட்டிக் கலந்து வழி திறக்கிறது. சரக்கு உள்ளே இறங்குகிறது. பிறகு அந்தச் செல்லே வைரஸ் செய்யும் பட்டறை! செல்கள் சாகச் சாக, ஈரல் கழிக்க வேண்டிய மஞ்சள் நிறம் ரத்தத்திலேயே தங்குகிறது.

(பி வகைக் காமாலை வைரஸ் பிடிக்கும் கொக்கி வேறு. பித்த உப்பை ஈரலுக்குள் இழுப்பது அது. 2012-ல்தான் அகப்பட்டது.)

ஆப்பிரிக்கப் பயணம்

1927-ல் ஆப்பிரிக்காவில் வேறு டாக்டர்கள், அசிபி என்ற நோயாளியின் ரத்தத்தை இந்தியக் குரங்குக்கு ஏற்றினார்கள். குரங்குக்கு நோய் கண்டது. சுருள் கிருமியோ இல்லை! நொகுச்சிக்கு மனம் பொறுக்கவில்லை. நேரில் பார்த்துவிட, இன்று கானாவின் தலைநகராக உள்ள அக்ராவுக்குப் புறப்பட்டார். ஆறு மாதம் குரங்குகளோடு போராடினார். திரும்பும் நாள் நெருங்கியபோது அவரையே காய்ச்சல் பிடித்தது. 1928 மே 21-ல் உயிர் பிரிந்தது. வயது 51. உடன் உழைத்த டாக்டர் யங்கும் சில நாட்களில் அதே நோய்க்குப் பலியானார்.

அசிபி பிழைத்துக்கொண்டார். அவர் ரத்தத்தில் கிடைத்த வைரஸைப் பலமுறை வளர்த்து, வீரியம் குறைத்து, நியூயார்க்கில் மாக்ஸ் தெய்லர் குழுவினர் 1937-ல் தடுப்பூசி செய்தார்கள். இன்றும் போடப்படுவது அந்த ஊசிதான்.