அலகையும் வீரமாமுனிவரும்

விருத்தாசலத்தைத் தாண்டிக் கோணான்குப்பத்துப் பெரியநாயகி அன்னையிடம் நெய்வேலியிலிருந்து நம்மில் பலர் போய் வருகிறோம். சேலை உடுத்திய அந்தத் தாய்க்கு ஆலயம் எழுப்பியவர் வீரமாமுனிவர். அவருடைய தமிழ்ப்பணியைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். பேயைப் பற்றி அவர் கற்றது என்ன என்பதைத்தான் நாம் கேட்பதில்லை.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680 நவம்பர் 8 அன்று இத்தாலியின் கஸ்திலியோனே ஊரில் பிறந்தார். புனித அலோசியஸ் கொன்சாகாவின் ஊரும் அதுவே. 1698இல் இயேசு சபையில் சேர்ந்து, பின்னர் பொலோஞாவில் இறையியல் பயின்றார். அந்நகரின் புனித பெத்ரோனியு பேராலயச் சுவரில் ஜொவான்னி தா மொதேனா 1410 அளவில் தீட்டிய நரகக் காட்சி இன்றும் உள்ளது. நடுவில் பூதாகாரமான லூசிபர் பாவிகளை விழுங்குகிறான். பதுவையில் ஜொத்தோ அதற்கு நூறாண்டு முன்பே இப்படி வரைந்திருந்தார். பெஸ்கி பொலோஞா ஓவியத்தைப் பார்க்காமல் இருந்திருப்பாரா?

ஆனால் வகுப்பறையில் கற்பித்தது வேறு. கொம்பும் வாலும் வௌவால் சிறகும் ஓவியர்கள் கொடுத்தவை. படிக்கத் தெரியாத மக்களுக்குச் சுவர்தானே மறைக்கல்வி நூல்! 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கமோ, அலகையும் கடவுளால் நல்லதாகப் படைக்கப்பட்டதே, தானாகவே தீயதாயிற்று என்று வரையறுத்தது. அது கடவுளுக்கு எதிர்க்கடவுள் அல்ல, வெறும் படைப்பு. அது நம்மைத் தூண்டலாம், பாவம் செய்யக் கட்டாயப்படுத்த முடியாது என்றார் புனித தோமா அக்குவினார். பேய் பிடித்தது என்று எளிதில் நம்பிவிடாதீர்கள் என்பதே 1614ஆம் ஆண்டு உரோமைச் சடங்கு நூல் குருக்களுக்குத் தந்த முதல் அறிவுரை.

இது இன்று நமக்கு மிகவும் தேவை. தூக்கமின்றித் தவிக்கும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல், மாதக்கணக்கில் மந்திரிக்க அலையும் குடும்பங்கள் நம் நடுவே உண்டு. குடியைக்கூடப் பேயின் கணக்கில் எழுதிவிடுகிறோம்! பேயோட்டும் சடங்கை ஆயரின் தனி அனுமதியின்றி எந்தக் குருவும் நடத்தக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம் (எண் 1172).

1711 அளவில் மதுரை மறைபணித்தளத்துக்கு வந்த பெஸ்கி, 1726இல் தேம்பாவணியை நிறைவு செய்தார். 3615 பாடல்கள், தலைவர் சூசையப்பர். பேய்களும் அதில் வருகின்றன. அவற்றுக்கு அவர் அயல்நாட்டுப் பெயரைத் தேடி அலையவில்லை. அலகை என்ற பழந்தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொண்டார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர் அல்லவா? 850ஆம் குறளில் அச்சொல் இருக்கிறது. அங்கே அலகை கொம்பு முளைத்த உருவமல்ல. உலகம் உண்டு என்பதை இல்லை என்று சாதிக்கும் மனிதனுக்கே வள்ளுவர் அப்பெயரைத் தருகிறார்.

பிறர் வணங்கும் தெய்வங்களைப் பேய் என்று இகழும் வழக்கம் அக்கால மறைபணியாளரிடையே இருந்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றிப் பேசிய பிறகு நாம் அப்படிப் பேசலாகாது.

முனிவர் 1747 பெப்ருவரி 4 அன்று கேரளத்தின் அம்பலக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில், பாலைநிலத்தில் இயேசுவைச் சோதித்தவனின் பெயர் அலகை என்றே இருக்கிறது.