குறளைத் ‘திருத்தி’ அச்சிட்ட ஸ்காட்... மொத்தப் பிரதிகளையும் வாங்கிய பாலவனத்தம் ஜமீன்தார்! யார் இந்த பாண்டித்துரை தேவர்?

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில் பாலவனத்தம் என்று ஒரு ஊர். பஸ்ஸில் போகிறவர்கள் சாதாரணமாகக் கடந்துவிடும் கரிசல் பூமி. இந்த ஊர் ஜமீன்தாராக இருந்தவர்தான், 1901 செப்டம்பர் 14-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கிய பாண்டித்துரை தேவர்.

பிறந்தது 1867-ல். அப்பா பொன்னுசாமித் தேவரும் தமிழ்ப் பித்தர். ஆறுமுக நாவலர் திருக்குறள் பரிமேலழகர் உரையைப் பதிப்பித்ததே அவர் கேட்டுக்கொண்டதால்தான்.

அதே குறளில்தான் மகனுக்கும் ஒரு சோதனை வந்தது.

சுகாத்தியர் என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்ட ஸ்காட் என்பவருக்கு, சில குறள்களில் எதுகை, மோனை சரியில்லை என்று பட்டதாம். சொற்களைத் தானே மாற்றி புத்தகமாகவே அச்சிட்டுவிட்டார். விஷயம் தெரிந்த தேவர் கோர்ட்டுக்குப் போகவில்லை, சண்டைக்கும் போகவில்லை. இருந்த பிரதிகள் அத்தனையையும் காசு கொடுத்து வாங்கி அழித்துவிட்டார் என்று இன்றுவரை சொல்லப்படுகிறது.

புத்தகத்தை அழிப்பது சரியா என்று இன்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அடுத்தவர் எழுத்தைத் தன் பெயரில் போட்டுக்கொண்டால் அது கருத்துத் திருட்டு. இங்கே நடந்தது அதன் தலைகீழ்: தன் சொல்லை வள்ளுவர் தலையில் கட்டுவது. வாசிக்கிறவர் ஏமாறுவது இரண்டிலும் ஒன்றுதான்.

அப்படியென்றால் எது சரியான வழி? அதற்கும் தேவர் பணம் கொடுத்திருக்கிறார். உ.வே.சாமிநாதையரின் புறப்பொருள் வெண்பாமாலை, மணிமேகலை பதிப்புகளுக்கு உதவியவர் இவர். உ.வே.சா. பல சுவடிகளை ஒப்பிடுவார். ஒன்றுக்கொன்று சொல் மாறினால், அதைப் பாடபேதம் என்று தனியாகக் காட்டிவிடுவார். சுவடி கொடுத்தவர்கள் பெயரையும் முகவுரையில் சொல்லிவிடுவார். இன்றைக்கு பிஎச்.டி. மாணவர்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்லும் விஷயம் இது!

தேவரும் ஒரு நூல் தொகுத்தார். பெயர் ‘பன்னூற்றிரட்டு’. பல நூல்களிலிருந்து திரட்டியது என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

வ.உ.சி.யின் சுதேசி கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவரும் இவர்தான். அது தனிக்கதை.

பள்ளி ஆசிரியர் சிங்காரவேலு முதலியார், பல வருட உழைப்பில் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’ கலைக்களஞ்சியத்தை அச்சிட ஆள் கிடைக்காமல் அலைந்தார். கைகொடுத்தவர் தேவர். 1910-ல் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. புரவலர் பணம் போட்டாலும், நூலில் ஆசிரியர் பெயர் முதலியார்தான்.

அடுத்த ஆண்டு, 1911 டிசம்பர் 2-ல் தேவர் காலமானார். வயது 44. அவர் தொடங்கிய சங்கம் மதுரையில் இன்றும் இருக்கிறது. அது இருக்கும் சாலைக்கே தமிழ்ச் சங்கம் ரோடு என்றுதான் பெயர்.