உப்புத் தண்ணீரின் ரகசியம் கண்டவர்

ஒரு பிடி உப்பை அள்ளித் தண்ணீரில் போடுகிறோம். கொஞ்ச நேரத்தில் உப்பைக் காணோம். தண்ணீர் கரிக்கிறது. உப்பு எங்கே போயிற்று?

இந்தக் கேள்விக்கு விடை சொன்னதற்காக ஒரு வாலிபர் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமல்ல. அவர்தான் ஸ்வாந்தே அர்ரேனியஸ்.

ஸ்வீடன் நாட்டில், உப்சாலா நகருக்கு அருகே, 1859-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் நிலம் அளக்கும் சர்வேயர். மூன்று வயதிலேயே பையன் தானாக எழுத்துக் கூட்டிப் படித்தான். தகப்பனார் கணக்குப் போடுவதைப் பார்த்துப் பார்த்தே கணக்கில் புலியானான்.

மட்டமான தரம்!

உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது? அர்ரேனியஸ் இதை ஆராய்ந்தார். 1884-ல் டாக்டர் பட்டத்துக்காக உப்சாலா பல்கலைக் கழகத்தில் கட்டுரை கொடுத்தார். பேராசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. பட்டம் கிடைத்தது, ஆனால் தரமோ மிக மட்டம். அந்தத் தரத்துடன் பல்கலைக் கழகத்தில் ஆசிரியர் ஆவது கடினம். 25 வயதிலேயே எதிர்காலம் இருண்டுவிட்டது!

அவர் மூலையில் உட்காரவில்லை. கட்டுரையை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ரீகா நகரப் பேராசிரியர் ஆஸ்ட்வால்ட் அதைப் படித்தார். வாலிபரைத் தேடி உப்சாலாவுக்கே வந்துவிட்டார்! தம்மிடம் வேலைக்கும் அழைத்தார். தகப்பனார் நோயுற்றிருந்ததால் அர்ரேனியஸ் உடனே போகவில்லை. ஆனால் உப்சாலாவிலேயே அவருக்கு ஆசிரியர் பதவி கிடைத்தது.

உப்பு இரண்டாகிறது

1887-ல் தம் முடிவை அவர் தெளிவாக வெளியிட்டார். உப்பு கரையும்போது சோடியம், குளோரின் என்று இரண்டாகப் பிரிகிறது. சோடியம் தண்ணீர் பட்டால் சீறும். குளோரின் விஷ வாயு. இவை தண்ணீரில் சும்மா இருக்குமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். ஆனால் பிரிந்தவை மின்சாரம் ஏறிய துகள்கள். அவைதான் அயனிகள். அவற்றின் குணமே வேறு.

இதற்குச் சாட்சியும் இருந்தது. உப்பு கரைந்த தண்ணீர் உறைவதற்கு அதிகக் குளிர் வேண்டும். அதே எண்ணிக்கையுள்ள சர்க்கரைத் துகள்களைவிட, உப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்கிறது. ஒன்று இரண்டானதால் வந்த வித்தியாசம் இது.

கோத்த கைகள்

தண்ணீரின் துகள்கள் ஒன்றோடொன்று கை கோத்து நிற்கின்றன. அந்தப் பிடிக்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். 1920-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் லாட்டிமரும் ரோட்புஷும் இதை விளக்கினார்கள். அயனி நடுவே நுழைந்ததும், பக்கத்திலுள்ள நீர்த் துகள்கள் பழைய பிடியை விட்டு அதன் பக்கம் திரும்புகின்றன. மக்னீசியம் போன்ற சிறிய அயனி நீரை இறுகப் பிடிக்கும். அயோடைடு போன்ற பெரிய அயனியின் பிடி தளர்வு.

மட்டமான தரம் பெற்ற அர்ரேனியஸ், 1903-ல் அதே ஆராய்ச்சிக்காக ரசாயன நோபல் பரிசு பெற்றார். நோபல் பரிசு பெற்ற முதல் ஸ்வீடன்காரர் அவரே! 1927 அக்டோபர் 2-ந் தேதி காலமானார்.

மார்க்கு குறைந்ததென்று கலங்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.